மதுரையின் மாசி வீதிகளுக்குள்: வருபவர்களும் வசிப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பழைய நகரத்தில் குடியிருக்கும் எங்களிடம், வெளியூரிலிருந்து வரும் உறவினர்களும் நண்பர்களும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அண்மைக் காலமாக, இங்கே வாடகைக்கு வீடு தேடுபவர்களும், இருக்கும் வீட்டை விற்றுவிட்டுப் புறநகருக்குப் போய்விடலாமா என்று யோசிக்கும் அண்டை வீட்டாரும் கேட்கும் கேள்விகள் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஒருவர் சுற்றிப் பார்க்கும் வீதிதான் இன்னொருவரின் வாசல் என்பதால், இரு தரப்பின் கேள்விகளையும் பிரிக்காமல் ஒன்றாகவே தொகுத்திருக்கிறேன்.

பழைய மதுரை என்று நீங்கள் சொல்வது எந்தப் பகுதியை?

நான்கு வெளி வீதிகளுக்கு உட்பட்ட பகுதியை. நடுவில் ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்பில் கோயில். கோயில் மதிலுக்கு உட்புறம் ஆடி வீதிகள், மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள், அடுத்த சுற்றில் ஆவணி மூல வீதிகள், அதற்கடுத்து மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள் என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என நான்கு பக்கம் உண்டு. எனவே 'மாசி வீதியில் இருக்கிறேன்' என்று ஆட்டோக்காரரிடம் தொலைபேசியில் சொன்னால் அவர் 'எந்த மாசி?' என்று கேட்பார். திசையைச் சேர்த்துச் சொன்னால்தான் முகவரி முழுமையாகும்.

வெளி வீதிகள் பிந்தியவை. நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு ஊரைச் சுற்றி நின்ற கோட்டையை, 1840ஆம் ஆண்டையொட்டி மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் இடிக்கச் செய்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலமே கிடைக்கும் என்று அறிவித்ததால் வேலை விரைவாக நடந்தது. புதிய வீதிகளும் பிறந்தன. அப்பணியில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட், மேஸ்திரி பெருமாள் ஆகிய இருவரின் பெயர்களும் மாரட் வீதியாகவும் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் இன்றும் வழங்குகின்றன. தெற்குமாசி வீதியும் கீழமாசி வீதியும் சந்திக்கும் இடத்திலுள்ள விளக்குத்தூண் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்டது. மதுரைக்காரர்கள் நூறு முறை 'விளக்குத்தூண் பக்கத்தில்' என்று சொல்லியிருப்போம்; அது யாருக்காக வைத்த தூண் என்று ஒருமுறையேனும் நினைத்துப் பார்த்திருப்போமா என்பது ஐயமே. கோட்டையின் எச்சத்தைக் காண விரும்புபவர்கள் பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் மேலவாசல் கொத்தளத்தைப் பார்க்கலாம்.

சித்திரைத் தேர் ஏன் மாசி வீதிகளில் ஓடுகிறது?

வீதிகளின் பெயர்கள் அந்தந்த மாதத்து விழாவின் உலாவைக் குறிப்பவை. ஆடி முளைக்கொட்டு விழாவில் அம்மன் ஆடி வீதிகளில் வலம் வருகிறாள். புட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் இடம்பெறும் ஆவணி மூலத் திருவிழாவில் சுவாமி ஆவணி மூல வீதிகளில் உலா வருகிறார். இந்த ஒழுங்கு குலைவது சித்திரையில்தான். மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் திருமலை நாயக்கர் (1623-1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் வைகையில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது மரபாகச் சொல்லப்படும் விளக்கம். விழா மாதம் மாறியது. அகலமான வீதி வேண்டியதால் தேர் பழைய தடத்திலேயே நின்றுவிட்டது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த நேரத்தில் வருவது நல்லது?

விடியற்காலையிலும் இரவிலும். கோயில் நடை நண்பகலில் சாத்தி மாலை நான்கு மணி அளவில் மீண்டும் திறக்கப்படும் என்பதை அறியாமல், பகல் ஒரு மணிக்கு வந்து வெயிலில் காத்திருப்பவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். காலை ஐந்தரை மணிக்குச் சித்திரை வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அந்நேரத்தில் நடப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். வயதான தம்பதியர், கடை திறக்கும் முன் அம்மனைக் கும்பிட வரும் வணிகர்கள், தேர்வு எழுதப் போகும் மாணவர்கள். வீதியின் இயல்பான முகம் அதுதான் என்பது என் எண்ணம்.

இரவில், நடை சாத்துவதற்கு முன் சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளும் பள்ளியறை பூசையைக் காணலாம். பகலின் நெரிசல் அடங்கியபின் நடப்பது என்பதால், சுற்றுலாவாக வந்தவர்களும் அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளையும், தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களையும் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். தீபாவளி நேரத்தில் தெற்குமாசி வீதியும் விளக்குத்தூண் பகுதியும் துணி எடுக்க வரும் சுற்றுவட்டார மாவட்ட மக்களால் நிறைந்துவிடும், நடப்பதே கடினம்.

கோயிலுக்குள் போகும்முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கைப்பேசியை உள்ளே கொண்டுசெல்ல முடியாது. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவின்படி இந்தத் தடை நடைமுறையில் உள்ளது. வாயில்களுக்கு அருகிலுள்ள பாதுகாப்பு அறைகளில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

செருப்பை எந்தக் கோபுரத்தின் பக்கம் விட்டீர்கள் என்பதை மறவாதீர்கள். நான்கு வெளிக் கோபுரங்களும் முதல்முறை வருபவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். கிழக்கே விட்டுவிட்டு மேற்கே வெளியேறி, கொதிக்கும் கல்லில் வெறுங்காலோடு அரைச் சுற்றுச் சுற்றுபவர்களைச் சித்திரை வீதியில் எந்த நண்பகலிலும் காணலாம். அடையாளம் எளிது. உயரமானது தெற்குக் கோபுரம். சுதைச் சிற்பங்கள் குறைவாக இருப்பது வடக்குக் கோபுரம். நெடுங்காலம் முற்றுப்பெறாமல் நின்றதால் அதை ஊரார் இன்றும் மொட்டைக் கோபுரம் என்றே சொல்கிறோம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம் இருக்கிறது.

கோயில்வரை காரில் வர முடியுமா?

முடியாது. சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் வடக்கு ஆவணி மூல வீதியில் கட்டப்பட்ட பல அடுக்கு வாகன நிறுத்தத்தில் வண்டியை விடலாம். ரயிலில் வருபவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. சந்திப்பிலிருந்து கோயில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவுதான், டவுன் ஹால் ரோடு வழியாக நடந்தே வந்துவிடலாம்.

கோயிலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் திருமலை நாயக்கர் மகாலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். 1636இல் கட்டிய அந்த அரண்மனையில் கால்பங்கு அளவே எஞ்சியிருக்கிறது. அதுவே காண்பவரை வியக்கவைக்கும். கோயிலிலிருந்து நடந்து போனால் இருபது நிமிடம். அப்படி நடக்கும்போது விளக்குத்தூணுக்கு அருகே பத்துத்தூண் சந்துக்குள் திரும்புங்கள். மொத்தத் துணிக்கடைகளுக்கு நடுவே, பெயர்ப்பலகைகளையும் துணிக்கட்டுகளையும் தாண்டி, பத்துக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அரண்மனை அவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு அவைதாம் சாட்சி. சுமை இறக்குபவர் ஒருவர் துண்டை உதறித் தூணின் அடியில் விரித்து மதியத் தூக்கம் போடுவதை அங்கே பார்க்கலாம். அவரை எழுப்பிவிட்டுப் படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலமாசி வீதி தனியாக அரை நாள் தரத் தகுந்தது. அங்குள்ள 251ஏ எண் கொண்ட வீட்டில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். கீழே கதர் விற்பனை நிலையமும் மாடியில் சிறு காட்சிக்கூடமும் இருக்கின்றன. பெரிய பலகை எதையும் எதிர்பார்த்துப் போனால் தவறவிட்டுவிடுவீர்கள். அதே வீதியில் இம்மையில் நன்மை தருவார் கோயிலும் மதனகோபால சுவாமி கோயிலும் உள்ளன. பின்னதன் மண்டபத் தூண்கள் கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்தபோது, 1912இல் ஓர் அமெரிக்கப் பெண்மணி அவற்றை விலைக்கு வாங்கினார். இன்று அவை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் ஒரு கூடமாக நிற்கின்றன. மேலமாசி வீதியின் தூண்களைக் காணக் கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருவது.

காஜிமார் தெருவின் பெரிய பள்ளிவாசல், கீழவெளி வீதியின் தூய மரியன்னை பேராலயம், கூடலழகர் பெருமாள் கோயில் ஆகியவையும் இந்தச் சதுரத்துக்குள்ளோ அதன் ஓரத்திலோ இருப்பவைதாம். வடக்குவெளி வீதியின் சேதுபதி பள்ளியில் 1904இல் பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார்.

கடைகளைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு மட்டும். பழைய நகரத்தில் தொழில்கள் வீதிவாரியாகக் குடியிருக்கின்றன: தெற்கு ஆவணி மூல வீதி என்றால் நகை, கீழமாசி வீதி என்றால் மளிகை மொத்த வணிகம், தெற்குமாசியும் விளக்குத்தூணும் என்றால் துணி. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கீழமாசி வீதி வந்துவிட்டதை மிளகாய் வற்றலின் நெடி சொல்லிவிடும்.

புதுமண்டபத்துத் தையற்காரர்கள் எங்கே போனார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன்புவரை வந்தவர்கள் இப்போது வந்து முதலில் கேட்பது இதைத்தான். புதுமண்டபம் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. பின்னர் பல தலைமுறைகளாக அது கடைவீதியாக இருந்தது. நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகளுக்கும் யாளிகளுக்கும் இடையே கால் மிதித் தையல் இயந்திரங்கள் ஓடின. பாடப் புத்தகம், பித்தளைப் பாத்திரம், வளையல், குங்குமம், சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் பூண்டு தண்ணீர் பீய்ச்சுபவர்களுக்கான பளபளக்கும் உடை எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. அளவு எடுக்கும்போது சிறுவர்கள் பிடித்துக்கொண்டு நின்று நின்றே சில சிலைகளின் முழங்கால் வழவழப்பாகியிருந்தது. எனக்குப் பள்ளிச் சீருடை தைத்ததும் அந்தத் தூண்களில் ஒன்றின் நிழலில்தான்.

அக்கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்தின் புதிய கட்டடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. சிற்பங்களில் ஆணி அடித்ததும், எண்ணெய்ப் புகை படிந்ததும், மின்கம்பிகள் தொங்கியதும் உண்மை; வீரவசந்தராயர் மண்டபத் தீயில் நாம் இழந்ததை நினைத்தால், மாற்றியது சரியே என்றுதான் சொல்வேன். ஆயினும் மண்டபம் காலியானதால் அது காப்பாற்றப்பட்டுவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. ஆள் புழங்கிய இடத்தைப் பூட்டி வைத்தால் தூசும் புறாவும் குடியேறும். வைகாசி வசந்த உற்சவத்துக்கு மட்டுமன்றி, மாலை நேரத்தில் ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து சிற்பங்களைப் பார்க்கும்படி அதைத் திறந்து வைப்பதுதான் கடைக்காரர்கள் விட்டுக்கொடுத்ததற்கு மதிப்பளிப்பதாகும். தையற்காரர்களைத் தேடிச் செல்லுங்கள். முகவரிதான் மாறியிருக்கிறது, கைத்திறன் மாறவில்லை.

இங்கே குடியிருப்பவர்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் தொந்தரவாக இருக்கிறார்களா?

வருபவர்கள் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். பகலில் கூடும் சந்தைக்கு நாளங்காடி என்றும் இரவில் கூடுவதற்கு அல்லங்காடி என்றும் சங்க காலத்திலேயே பெயர் வைத்துப் பாடப்பட்ட ஊர் இது. கூட்டத்தைக் கண்டு முகம் சுளிப்பது எங்கள் வழக்கமில்லை. நடுராத்திரியில் வழி கேட்டாலும் கடைவாசலில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து தெருமுனைவரை காட்டிவிட்டுப் போவார்.

எங்களைத் துன்புறுத்துவது கூட்டம் வரும்போது எடுக்கப்படும் ஏற்பாடுகளில் நாங்கள் கணக்கில் வராமல் போவது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். விழா நாளொன்றில் எங்கள் சந்தின் முனையில் தடுப்பு வைத்திருந்தார்கள். டயாலிசிஸ் முடித்துத் திரும்பிய அண்டை வீட்டு ஐயாவை ஆட்டோவோடு நிறுத்திவிட்டார்கள். வீடு இருபது அடி தூரத்தில் தெரிகிறது. அவருடைய மகள் ஓடிப்போய் ஆதார் அட்டையை எடுத்து வந்து காட்டியபின், ஆட்டோவை அனுமதிக்க முடியாது, நடந்து போகலாம் என்றார்கள். நாங்கள் இருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். தடுப்பில் நின்ற காவலர் இளைஞர். அவரும் கடைசியில் ஒரு கை கொடுத்தார். அவர்மீது எனக்குக் குறை இல்லை. அந்தத் தடுப்புக்குப் பின்னால் வீடுகள் இருக்கின்றன என்பது திட்டம் வரைந்த தாளில் இல்லை, அவ்வளவுதான்.

சாலை மட்டமும் அப்படியே. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே பலமுறை புதிதாகப் போட்டதால், எங்கள் சந்தில் மூன்று படி ஏறிப்போன வீடுகள் இன்று தெரு மட்டத்துக்கு இறங்கிவிட்டன. சில வீடுகளுக்கு ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் பெய்தாலே சாக்கடைத் தண்ணீர் திண்ணையைத் தாண்டி வரும். ஊரின் மேற்கிலும் தெற்கிலும் மழைநீரை வாங்கிக்கொண்ட கிருதுமால் நதி கழிவுநீர்க் கால்வாயாகிக் குறுகிப்போனதும் இதற்கு ஒரு காரணம். வருபவரின் கண்ணில் படுவது கோபுரமும் கல் பாவிய தரையும். அதே தரையில் விழும் மழை எங்கே போகிறது என்பது வசிப்பவரின் கேள்வி.

சித்திரை வீதிகளில் கல் பாவியதும் வாகனங்களை நிறுத்தியதும் நன்மையா?

நன்மை என்றே கருதுகிறேன். மாலையில் குழந்தைகள் அங்கே பயமின்றி ஓடுகிறார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்க முடிகிறது. கோடைப் பகலில் அந்தக் கல் வெறுங்காலுக்குச் சூடானது என்பது ஒரு குறை. நிழல் தரும் மரம் போதாது என்பது இன்னொன்று. வாகனங்கள் இல்லாமல் போய்விடவில்லை, அடுத்த சுற்றுக்கு நகர்ந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சித்திரை வீதியில் கிடைத்த அமைதிக்கான விலையை ஆவணி மூல வீதிகளும் அவற்றை இணைக்கும் சந்துகளும் கொடுக்கின்றன. நகைக்கடைக்கு வந்த காரும், விடுதிக்கு வந்த வேனும், சுமை ஏற்றிய மூன்று சக்கர மிதிவண்டியும் ஒரே சந்தில் எதிரெதிரே நிற்கும்போது, வீட்டு வாசலில் கோலம் போட இடம் தேட வேண்டியிருக்கிறது.

திருவிழா நாள்களில் உள்ளூர்க்காரர்கள் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்களா?

நேர்மாறாக, போனவர்கள் எல்லாம் திரும்பி வருகிறார்கள். பெங்களூரிலும் துபாயிலும் வேலை பார்ப்பவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் சித்திரைத் திருவிழாவுக்கு வருவார்கள். பன்னிரண்டு நாள் விழாவில், மாலைதோறும் அம்மனும் சுவாமியும் வெவ்வேறு வாகனங்களில் மாசி வீதிகளில் உலா வருவார்கள். வீடு உள்ளவர்கள் வாசல் தெளித்துக் கோலமிட்டுத் தட்டோடு காத்திருப்பார்கள். வீடு இல்லாதவர்கள் தெரிந்த கடைப்படியில் இடம் பிடிப்பார்கள். உலாவுக்கு முன்னே மீனாட்சி வேடமிட்ட சிறுமிகள் கிளியோடு நடந்து வருவார்கள். பத்தாம் நாள் திருக்கல்யாணத்தன்று எங்கள் வீட்டுப் பெண்கள் தாலிக்கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்கிறார்கள். சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போல மொய் எழுதிவிட்டு, சேதுபதி பள்ளியில் விருந்து சாப்பிட்டு வருபவர்களும் உண்டு.

பதினோராம் நாள் தேர். கீழமாசி வீதியிலுள்ள தேரடியிலிருந்து காலையில் புறப்பட்டுத் தெற்கு, மேல, வடக்கு மாசி வீதிகள் வழியாகத் திரும்பும். தேர் நேராக ஓடும்போது பார்ப்பதைவிட, தெற்குமாசியும் மேலமாசியும் சந்திக்கும் முனையில் நின்று அது திரும்புவதைப் பாருங்கள். வடம் பிடித்தவர்கள் மேலமாசி வீதிக்குள் போய்விட்டார்கள். தேர் இன்னும் தெற்குமாசியில் நிற்கிறது. சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி நடந்து வருபவர் முட்டுக்கட்டையை ஒரு பக்கச் சக்கரத்தின் கீழே கொடுக்கிறார். மரம் நெரியும் ஓசை. அந்தச் சக்கரம் தயங்க, மறுபக்கச் சக்கரம் உருள, மொத்தத் தேரும் மேலே அலங்காரத் துணிகள் ஆட ஒரு சாண் திரும்புகிறது. அவர் கட்டையை உருவிக்கொண்டு கையை எடுப்பதற்கும் சக்கரம் நகர்வதற்கும் இடையே ஒரு நொடிதான் இருக்கும். மாடிகளில் நிற்கும் எல்லோரும் அந்த நொடியில் பேச்சை நிறுத்திவிடுவோம். பிறகு 'ஹர ஹர' என்ற ஒலி எழும்.

அன்று காலை எங்கள் வீட்டு மாடியில் ஐம்பது பேராவது நிற்பார்கள். அவர்களில் பாதிப்பேரை எங்களுக்கு முன்பின் தெரியாது. நீர்மோரும் பானகமும் எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கும் ஒரு மாடியில் இடம் வேண்டுமென்றால், முந்தைய நாளே போய் அந்த வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். காசு கொடுக்க முற்பட வேண்டாம். பூ வாங்கிக்கொண்டு போங்கள்.

பழைய வீடுகள் ஏன் இவ்வளவு வேகமாக மறைகின்றன?

திண்ணை, நடை, முற்றம், இரண்டாங்கட்டு, பின்வாசல் என்று தெருவுக்குக் குறுகியும் உள்ளே நீண்டும் இருக்கும் வீடுகள் ஒரு பெரிய குடும்பத்துக்காகக் கட்டப்பட்டவை. பாகம் பிரிக்கும்போது அவற்றை நீளவாக்கில் வெட்ட வேண்டியிருக்கிறது. எட்டடி அகலப் பங்கில் யாரும் குடியிருக்க முடியாது. அடுத்த வீட்டைக் கிடங்காகக் கேட்டு வணிகர் ஒருவர் தரும் வாடகை, குடும்பம் தரும் வாடகையைப் போலப் பல மடங்கு. முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடித்தனங்கள் இருந்த காம்பவுண்டு வீடுகள் இவ்வாறே ஒவ்வொன்றாகக் கிடங்காகவோ தங்கும் விடுதியாகவோ மாறிவிட்டன. வீட்டுக்காரரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கூரை ஒழுகும்போது சுண்ணாம்பும் செங்கல்லும் தெரிந்த கொத்தனார் கிடைக்காமல் மூன்று மழைக்காலம் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற விதி இருக்கிறது. கோபுரம் மறையக் கூடாது என்பதற்கான இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். எங்கள் மொட்டை மாடியிலிருந்து நான்கு கோபுரங்களும் தெரிவது அதனால்தான். ஆனால் அது உயரத்தை மட்டுமே பார்க்கிறது. 9 மீட்டருக்குள் ஒரு நல்ல முற்றத்து வீட்டை இடித்துவிட்டு, காற்று புகாத அறைகளாக அடுக்கிக் கட்டினால் அந்த விதியில் தடை இல்லை. பழைய வீட்டைப் பழுதுபார்த்துக் குடியிருப்பவருக்குச் சொத்து வரியில் சலுகையும், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களின் உதவியும் கிடைக்குமானால், இடிக்க நினைக்கும் பத்துப் பேரில் சிலராவது தயங்குவார்கள்.

வருபவர்களிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?

அதிகம் இல்லை. சந்துகளில் திறந்திருக்கும் கதவு அழைப்பு என்று கொள்ள வேண்டாம், காற்றுக்காகத் திறந்திருக்கிறோம். கேட்டால் முற்றத்தைக் காட்டுவோம். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்தால் மகிழ்வோம். கோபுரம் நன்றாகத் தெரியும் என்று மாடிக்கு அழைத்துப்போய்ப் பிறகு கைவினைப் பொருள்களை வாங்கச் சொல்லி வற்புறுத்தும் சிலர் இருக்கிறார்கள்; அவர்களோடு போகாதிருப்பது உங்களுக்கு நல்லது. நகரத்தின் சுங்குடிச் சேலையை வாங்க விரும்பினால், கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றியதா, சுங்குடி வடிவத்தில் அச்சிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். முடிச்சிட்டதென்றால் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் துணி சற்றே சுருங்கியிருக்கும். விரலால் தடவினால் தெரியும். மகால் பகுதியில் தலைமுறைகளாக வாழும் சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது.

இரவில் நடமாட அச்சமில்லையா?

தூங்கா நகரம் என்ற பெயர் வெறும் புகழ்ச்சி இல்லை. நள்ளிரவிலும் இட்லிக் கடையில் ஆவி பறக்கும். லாரிகளிலிருந்து சரக்கு இறங்கும். ஆள் நடமாட்டமே பாதுகாப்பு. அந்தச் சரக்கு இறங்கும் ஓசையில் தூங்கப் பழக வேண்டியது வசிப்பவரின் பாடு.

பழைய நகரத்துக்குள் வாடகைக்கு வீடு எடுக்க நினைக்கிறேன். எடுக்கலாமா?

எடுக்கலாம், தாராளமாக வாருங்கள். வீடுகளில் விளக்கு எரியும் சந்து எங்கள் எல்லோருக்குமே நல்லது. காலையில் மோரும் கீரையும் வாசலுக்கு வரும், பிள்ளைகளின் பள்ளி நடக்கும் தூரம், மருந்துக் கடை தெருமுனையில், ரயிலுக்கு ஆட்டோவே வேண்டாம். கார் வைத்திருந்தால் மட்டும் வெளி வீதிக்கு அப்பால் நிறுத்தி நடந்து வர வேண்டியிருக்கும். தரகர் பகல் பதினோரு மணிக்கு வீட்டைக் காட்டுவார். அதோடு முடிவு செய்துவிடாதீர்கள். இரவு பதினொன்றரைக்கு ஒருமுறை போய்ப் பக்கத்துக் கிடங்கில் எத்தனை லாரி நிற்கிறது என்று பாருங்கள். தண்ணீர் வரும் நாளில் போய்க் குடத்தில் எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் போய்ச் சுவரில் எந்த உயரம்வரை ஈரம் ஏறியிருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.